சுவருக்கு உள்ளே விட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ரொமேன் ரோலண்ட் வீதியில் இருக்கும் குளூனி கன்னியர் மடத்தைப் பற்றி நாங்கள் வைத்த சிறு படக் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு நிறைவடைந்தது. கைகொடுத்தவர்கள் பலர், வரிசை பாராமல் எழுதுகிறேன்.

கேமராவும் அளவு நாடாவுமாக வந்து நின்றவர்களை வேலை நேரத்திலும் பொறுத்துக்கொண்ட சிஸ்டர்களுக்கு முதல் வணக்கம். பிரான்சில் 1807இல் ஆன் மரி ஜவுகே அன்னை தொடங்கிய இவர்களது சபை, 1827இல் புதுச்சேரிக்கு வந்தது. மடம் இருக்கும் வீடு அதைவிட மூத்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினர். மீண்டும் எழுந்த நகரில் 1774இல் கட்டியது இந்த லக்ரெனே தெ மெசியேர் மாளிகை. மடத்துக்கென்று கட்டியதல்ல. செல்வர் வீட்டின் உயர்ந்த கூரைக்கடியில் இன்று பெண்கள் அமர்ந்து மேசைவிரிப்புகளில் பூத்தையல் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், கட்டடத்துக்கு இதைவிட நல்ல கதி வாய்த்திருக்காது.

அந்தத் தையல்காரப் பெண்களுக்கும் நன்றி. எந்த ஜன்னலோரம் எந்நேரத்தில் வெளிச்சம் நிற்கும் என்று அவர்கள் சொன்னதை வைத்தே எங்கள் வரைபடத்தில் பாதியைத் திருத்தினோம்.

பழைய வீடுகளையே பழுதுபார்த்துவரும் கொத்தனார் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய தட்டைக் கூரை போடும் முறையை மாணவர்களுக்கு மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். தேக்குக் கட்டைகளுக்குக் குறுக்கே மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்ட வேண்டும். மேலே செங்கல் ஜல்லிக் காரை கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கிக் காரை பெயரும் என்று சொல்லும்போது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கூலி தந்தோம், வாங்கவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் சம்மதித்தார், அதுவும் மீன் குழம்பு என்று தெரிந்த பிறகு!

தமிழ்ப் பெண்பிள்ளைகளின் படிப்புக்காக 1844இல் துப்புயி சாமியார் இவ்வூரிலேயே தொடங்கிய மரியாயின் மாசற்ற இருதய சபையைக் கண்காட்சியில் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று உரிமையோடு கேட்ட ஆசிரியைக்கும் நன்றி. மறுநாளே ஒரு பலகை சேர்த்தோம்.

பந்தல், நாற்காலி, மோர் தந்த தெருக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம். இரவல் தந்த குடும்பப் புகைப்படங்களை இந்த வாரத்துக்குள் வீடு வீடாக வந்து ஒப்படைக்கிறோம். உறையின் மேல் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர் சார்பில்,
புதுச்சேரி