லோனார் ஏரியின் கறுப்புச் சேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் லோனார் ஏரி பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2020 ஜூன் மாதம் தண்ணீர் ரோஜா நிறமானதையும், உப்பில் செழிக்கும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்று புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்ததையும் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஏரியின் நாற்றத்தை ‘மாசு’ என்றும், கரையோரச் சேற்றை ‘அகற்ற வேண்டிய கழிவு’ என்றும் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அந்தக் கரையில் நின்றவன்.

மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், எரிமலைப் பாறையில் விண்கல் மோதி உண்டான பள்ளம் அது. குறுக்களவு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளே வரும், வெளியேற வழியில்லை. தண்ணீரை வெயில் கொண்டுபோகிறது, உப்பும் சோடா என்னும் கார உப்பும் தங்கிவிடுகின்றன. ஒரு குச்சியால் கரைச் சேற்றைக் கிளறிப் பார்த்தேன். மேலே வெள்ளைப் பொருக்கு, அதன்கீழ் பாசியின் பச்சை, இரண்டு விரற்கடை ஆழத்தில் கண்மை போன்ற கறுப்பு. கூமுட்டை நாற்றம் குப்பென்று எழுந்தது. கைக்குட்டையில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். காற்றுப் பட்டு மாலைக்குள் அது பழுப்பாகிவிட்டது.

ஆக்ஸிஜன் எட்டாத அந்தச் சேற்றில், ஆக்ஸிஜனுக்குப் பதிலாக சல்பேட் என்ற கந்தக உப்பைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. செத்த பாசி மட்கும்போது கிடைப்பதே அவற்றின் உணவு. அவை வெளிவிடும் சல்பைடு என்ற, கூமுட்டை நாற்றம் தரும் கந்தகச் சேர்மம் இரும்போடு சேரும்போது சேறு கறுக்கிறது. இவ்வளவு காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்ட நீரில் சல்பைடின் பெரும்பகுதி வாயுவாகாமல் கரைந்தே கிடக்கும். அப்படியிருந்தும் மூக்கைத் துளைக்கிறது என்றால், அடியில் எவ்வளவு வேலை நடக்கிறது!

சல்பேட் சல்பைடாகும்போது பைகார்பனேட் என்ற காரப் பொருளும் உண்டாகிறது. அதாவது, தாம் வாழும் நீரின் காரத்தை இந்த உயிர்களும் கூட்டுகின்றன. பண்டை எகிப்தியர் மம்மிகளைப் பதப்படுத்த சோடா எடுத்த வாடி நத்ரூன் ஏரிகளில், அந்தச் சோடா உருவானதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் செய்தி இது. கென்யாவின் மகாடி ஏரியிலிருந்து பிரித்தெடுத்து 1997இல் விவரிக்கப்பட்ட இத்தகைய பாக்டீரியா இனம் ஒன்று, பி.எச். (காரத்தை அளக்கும் எண்; நடுநிலை 7) 9.5ஐ ஒட்டிய நீரில் நன்றாக வளர்கிறது. நாம் குடிக்கும் தண்ணீரைப் போன்ற நடுநிலை நீரில் அது வளர்வதே இல்லை.

என் கவலையும் அதுதான். லோனாருக்குள் ஊர்ச் சாக்கடை இறங்குவது உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். வெளிநீர் பெருகிக் காரம் தணிந்தால், இந்த நீருக்கென்றே அமைந்த உயிர்கள் ஒதுங்கிப்போக வேறு இடம் கிடையாது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2020இல் சேர்த்த ஏரியை நாமே சாதாரணக் குட்டையாக்கிவிடுவோம். சாக்கடையை மறிக்கச் சொல்லி எழுதுங்கள், நூறு முறை எழுதுங்கள். சேற்றை வாரச் சொல்லாதீர்கள்.

கட்டுரைப் படமொன்றின் கீழே ‘எண்ணெய்க் கசிவு’ என்று அச்சாகியிருக்கிறது. வெள்ளைப் பொருக்கை ஒட்டி ஓடும் அந்தக் கறுப்புப் பட்டை, நான் குச்சியால் கிளறிய அதே சேறுதான். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்