மனோரமாவும் சேலத்துப் படமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிகை மனோரமாவைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில் அவர் நடித்த ஆயிரம் படங்களும் அவரோடு கலையுலகில் பணியாற்றிய ஐந்து முதல்வர்களும் தவறாமல் இடம்பெற்றிருந்தனர். ஆனால் 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் அவர் அறிமுகமானதைச் சொன்ன கையோடு, 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்குக் கட்டுரையாளர் தாவிவிட்டார். அவர் தாண்டிப்போன பத்தாண்டுகளில்தான் எங்கள் ஊர் இருக்கிறது.

மனோரமா கதாநாயகியாக நடித்த ‘கொஞ்சும் குமரி’ 1963-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த படம், ஆர்.எஸ்.மனோகர் அவருக்கு ஜோடி. நகைச்சுவை வேடங்களில் பெயரெடுத்துவந்த ஒரு நாடக நடிகையை நாயகியாக்க அன்று துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் சேலத்தில் இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்று ஏற்காடு சாலையில் அந்த நிறுவனத்தின் நுழைவு வளைவு மட்டுமே நிற்கிறது. மலைக்குப் போகும் பேருந்து அதைக் கடக்கும்போது, அது எதன் வாசல் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு விவரம் சொல்ல ஆளில்லை.

கட்டுரை முழுவதும் அவரை ‘நகைச்சுவை நடிகை’ என்றே குறிப்பிட்டதும் எனக்கு உடன்பாடில்லை. மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, ‘பள்ளத்தூர் பாப்பா’வாக மேடையேறி, பின்னர் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில் நடித்தவர் அவர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற நாடகப் பயிற்சி அவருடைய குரலை விட்டுக் கடைசிவரை போகவில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்த அதே 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் அவர் சென்னைத் தமிழில் பாடியதைக் கேட்டவர்கள், இவர் செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர் என்றால் நம்பமாட்டார்கள்.

‘சின்னக் கவுண்டர்’ (1992) வந்தபோது என் தாயாரைத் திரையரங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். துருத்திய பல்லோடு மனோரமா வந்து நின்றதும், “இது நம்ம ஓமலூர்ப் பெரியாத்தா மாதிரியே இருக்குது” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘ப’, ‘ம’ சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டும். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு அது எளிதல்ல. ஆனாலும் ஒரு சொல்கூட எங்கள் காதுக்குத் தப்பவில்லை. அம்மா சிரித்ததைவிட அழுததுதான் அதிகம். குணச்சித்திர நடிகை என்ற சொல் இவருக்குப் பொருந்தாதென்றால் வேறு யாருக்குப் பொருந்தும்?

அடுத்த இதழில் இடமிருந்தால் ‘கொஞ்சும் குமரி’யிலிருந்து ஒரு புகைப்படத்தையேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.