பிக்கியின் கண்ணாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலை நடத்தச் சொல்லிவிட்டார்கள் என்றாயே, அன்று ராத்திரியே உன் அலமாரியிலிருந்து பழைய பிரதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விமானம் விழுந்து, பெரியவர் யாருமில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பையன்களின் கதை. ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து: சங்கு = ஜனநாயகம், கண்ணாடி = அறிவு, பன்றித்தலை = தீமை. பரீட்சைக்கு அது சரி. வகுப்பிலும் ‘பொருத்துக’ போட்டுவிடாதே.

கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கண்ணாடிதானே முதலில் படும்? பிக்கி என்கிற பையனின் கண்ணாடியால் வெயிலைக் குவித்துத்தான் அவர்கள் நெருப்பு மூட்டுகிறார்கள். ஆனால் பிக்கிக்குக் கிட்டப்பார்வை என்று கோல்டிங்கே எழுதுகிறார். அப்படியென்றால் மைனஸ் லென்ஸ். நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். வெளிச்சத்தைக் குவிக்காது, விரிக்கும். மொட்டை மாடி வெயிலில் நாலரை மைனஸ் ஒன்றைப் பேப்பர் மேல் பிடித்துப் பார்த்தேன். நடுவே நிழல் போல ஒரு மங்கல், சுற்றிலும் வெளிச்ச வளையம். பேப்பர் கருகவில்லை, என் மண்டைதான் காய்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்த மனிதர், அவருடைய அப்பாவும் விஞ்ஞான வாத்தியார். எப்படிக் கோட்டை விட்டாரோ!

போகட்டும். அந்தக் கண்ணாடியைத் திருட, பிரிந்துபோன வேட்டைக் கூட்டத்தின் தலைவன் ஜாக் ராத்திரியில் ஆட்களோடு வருகிறான் அல்லவா, பிக்கி பதறுவது சங்குக்காக. சங்கை அவர்கள் தொடக்கூட இல்லை. நெருப்பு வேண்டும், பேசுவதற்கு முறை வைக்கும் சங்கு எதற்கு? ‘சங்கு என்றால் என்ன’ என்று கேட்காமல், ‘ஏன் அதை விட்டுவிட்டுப் போனான்’ என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்.

நாவல் வந்தது 1954இல். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1944 ஜூன் 6, நார்மண்டி கரையில் ராக்கெட் ஏவும் தரையிறங்கு கப்பல் ஒன்று கோல்டிங் பொறுப்பில் இருந்தது. போர் முடிந்ததும் சாலிஸ்பரியில் பையன்களுக்குப் பாடம் எடுக்கத் திரும்பிவிட்டார். பெரியவர் துணையில்லாமல் விமானம் நிறையப் பையன்கள் என்பது அன்றைய ஆங்கில வாசகருக்கு விநோதமில்லை. 1939 செப்டம்பரில் குண்டுக்குப் பயந்து, சட்டையில் பெயர்ச்சீட்டு மாட்டி, ரயிலேற்றிவிட்ட பிள்ளைகள் அப்போது இளைஞர்களாகியிருப்பார்கள். கதைக்குள் அணுகுண்டும் வருகிறது. பிரிட்டன் தன் முதல் அணுகுண்டை 1952இல் ஆஸ்திரேலியாவை ஒட்டிய தீவுகளில்தான் வெடித்துப் பார்த்தது.

எனக்கு மனசில் நின்றது பாராசூட்தான். பெரியவர்கள் ஏதாவது ஒரு அடையாளம் அனுப்பமாட்டார்களா என்று பையன்கள் ஏங்குகிறார்கள். அன்று ராத்திரியே வருகிறது: வானச்சண்டையில் செத்த ஒரு வீரனின் உடம்பு. காற்றடிக்கும்போதெல்லாம் பாராசூட் இழுக்க, அது எழுந்து எழுந்து உட்கார்கிறது. அதைத்தான் மிருகம் என்று நினைத்து ஓடுகிறார்கள். காடு அவர்களைக் கெடுத்தது என்று எவனாவது பரீட்சையில் எழுதினால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கடைசிப் பக்கத்தை நீயே சத்தமாக வாசி. காப்பாற்ற வந்த கடற்படை அதிகாரி, பையன்கள் அழுவதைப் பார்க்கக் கூச்சப்பட்டு, தூரத்தில் நிற்கும் தன் போர்க்கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அங்கே கொஞ்சம் நிறுத்து.

பொங்கலுக்கு வரும்போது பழைய ஃபிரேமையும் எடுத்து வா. உன் பவர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அப்பா