பியோனி பாப்பியை நாற்றுவிட்டு நடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுத் தோட்டப் பகுதியில், பியோனி பாப்பியை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதனுடன் அச்சிட்டிருந்த அடுக்குப் பூவின் படம் கண்ணைப் பறித்தது. ஆனால் கட்டுரையில் சொல்லியுள்ள முறையில் விதைத்தால் அந்தப் படத்தில் உள்ளது போன்ற பூ யார் வீட்டிலும் பூக்காது என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாக இந்தச் செடியை விதைத்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள், கட்டுரையாளர் சொல்லும் அதே வழியில் சென்று ஏமாந்தவன் என்ற உரிமையும் எனக்கு உண்டு.

வேரையும் விதையையும் பற்றிப் பேசுவதற்கு முன், கட்டுரை ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பியோனி பாப்பி தனி இனம் அன்று. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ‘பாப்பாவர் சோம்னிஃபெரம்’ என்று பெயரிட்ட கசகசாச் செடியின் அடுக்கிதழ் வகைதான் அது. அந்தப் பெயரின் பின்பாதிக்கு உறக்கம் தருவது என்று பொருள். அபினி எடுக்கப்படுவது இந்த இனத்திலிருந்துதான். பூவுக்கு இதழ் நான்கா நாற்பதா என்று சட்டம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தியாவில், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இந்தச் செடியைப் பயிரிடுவது தண்டனைக்குரிய குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு குறித்துக் கொடுக்கும் பகுதிகளில் உரிமம் பெற்ற உழவர்கள் மட்டுமே அதைப் பயிரிடுகிறார்கள். சிங்கப்பூரிலும் வளர்ப்பது குற்றமே. பிரிட்டனில் அழகுக்காகத் தோட்டத்தில் வளர்க்கத் தடையில்லை. ஆனால் அபினி எடுப்பது குற்றம். இப்படி நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்போது, பல நாடுகளில் வாசகர்களைக் கொண்ட ஒரு நாளிதழ் இதைச் சொல்லாமல் விட்டது சிறிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை. விதைப் பொட்டலம் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது என்பது வளர்க்க அனுமதி உண்டு என்பதற்குச் சான்றாகாது. நான் இருக்கும் இடத்தில் தடையில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே முதல் பொட்டலத்தைப் பிரித்தேன்.

தடை உள்ள இடங்களில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 1880 வாக்கில், லண்டனுக்குத் தெற்கே கிராய்டனை அடுத்த ஷெர்லி என்னும் ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், வயலோரத்துச் செம்பாப்பிகளுக்கு நடுவே இதழின் ஓரம் மட்டும் வெளுத்திருந்த ஒரு பூவைக் கண்டார். அதன் விதையை எடுத்து, ஆண்டுதோறும் நல்லதைத் தேர்ந்து தேர்ந்து விதைத்து, வெண்மையிலிருந்து இளஞ்சிவப்பு வரை பல நிறங்களில் ஒரு வகையையே உருவாக்கினார். அதுதான் ஷெர்லி பாப்பி. அதிலும் அடுக்கிதழ் உண்டு. அபினியில் உள்ள போதைப்பொருளான மார்ஃபின் அதில் கிடையாது. விதைப்பு பற்றி நான் கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

பியோனியும் பாப்பியும் சேர்ந்த கலப்பினம் இது என்று கட்டுரை சொல்வதும் தவறு. இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பியோனி, கிழங்கு போல் தடித்த வேருடன் பல்லாண்டு வாழ்வது; விதையிலிருந்து வளர்த்தால் முதல் பூவைப் பார்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பாப்பியோ விதைத்த பருவத்திலேயே பூத்துக் காய்த்து மடிந்துவிடும். உருவ ஒற்றுமையால் மட்டுமே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சாதாரணப் பாப்பிப் பூவுக்கு நான்கே இதழ்கள். நடுவில் வளையமாக நிற்க வேண்டிய மகரந்தத் தாள்கள் இதழ்களாக உருமாறிப் பந்து போல் திரண்டு நிற்பதைத்தான் நாம் அடுக்குப் பூ என்கிறோம். பூவைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே போகப் போக இதழ்கள் குறுகி, சிலவற்றின் நுனியில் மகரந்தப் பையின் மிச்சம் மஞ்சள் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இனி விதைப்புக்கு வருகிறேன். குழித்தட்டில் விதைத்து, அரை அங்குலம் மண்ணால் மூடி, நான்கு இலை விட்டதும் பிடுங்கி நடச் சொல்கிறது கட்டுரை. இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள். எனது முதல் ஆண்டுக் கதையைச் சொன்னால் விளங்கும். அந்த ஆண்டு நாற்பது குழிகள் கொண்ட தட்டில் விதைத்து, பிள்ளையைப் போல் பார்த்து, விரலளவு வளர்ந்ததும் பாத்தியில் வரிசையாக நட்டேன். பாதி நாற்றுகள் மூன்றே நாளில் துவண்டு விழுந்தன. பிழைத்தவை வளரவே இல்லை. சாண் உயரத்தில் ஒற்றைத் தண்டுவிட்டு, பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக ஆளுக்கொரு பூவைப் பூத்து முடித்துக்கொண்டன. தட்டில் தூவும்போது கைதவறிச் சிந்திய விதை, நடைபாதை ஓரத்துச் சரளைக் கற்களுக்கு இடையில், நான் ஒரு நாளும் தண்ணீர் விடாத இடத்தில் முளைத்து, இடுப்பளவு வளர்ந்து, ஒவ்வொரு செடியிலும் ஏழெட்டுப் பூக்களைத் தாங்கி நின்றது. பாடத்தைச் செடியே சொல்லிக் கொடுத்துவிட்டது. அது தற்செயல் என்று நினைத்து அடுத்த ஆண்டும் தட்டிலேயே விதைத்தேன் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

காரணம் ஆணிவேர். பாப்பி முளைத்ததும் மேலே இரண்டு ஊசி போன்ற வித்திலைகளைக் காட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஒற்றை வேரை நேராக இறக்கிக்கொண்டே போகும். மேலே நான்கு இலை தெரியும்போது கீழே வேர் குழியின் அடியைத் தொட்டு வளையத் தொடங்கியிருக்கும். நூல் போன்ற அந்த வேரின் நுனி அறுந்தால் கத்தரி, தக்காளி நாற்றைப் போல் பக்கவேர் விட்டுச் சமாளித்துக்கொள்ளும் வல்லமை இதற்கு இல்லை. வேர் ஒடிந்த செடி, வளர்வதை விட்டுவிட்டு அவசரமாகப் பூத்து விதை வைக்கப் பார்க்கும். ஆகவே எங்கே பூக்க வேண்டுமோ அங்கேயே விதைப்பதுதான் முறை. தொட்டியானாலும், அதே தொட்டியில் நேரடியாக.

அரை அங்குல மண் என்பது அடுத்த பிழை. விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சிறுநீரக வடிவில், மேலே வலைப்பின்னல் போன்ற கோடுகளுடன் இருக்கும். ஒரு கிராமில் இரண்டாயிரத்துக்கு மேல் விதைகள் பிடிக்கும். அத்தனை சிறிய விதைக்குள் உள்ள சேமிப்பு, அரை அங்குல மண்ணைத் துளைத்து மேலே வரப் போதாது. மேலும், முளைப்பதற்கு வெளிச்சம் துணை செய்யும் விதை இது. மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, சமன்படுத்தி, நன்றாக நனைத்துவிட்டு, அதன் பிறகு விதையைத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும், மூடவே வேண்டாம். விதையைத் தனியாகத் தூவினால் ஒரே இடத்தில் நூறு விழும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த மணல் என்று கலந்து தூவினால் பரவலாக விழுவதோடு, எங்கே தூவினோம் என்பதை மணலின் வெளிர்நிறமே காட்டிக்கொடுக்கும். தூவிய பின் பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். முளைக்கும்வரை கைத்தெளிப்பானால் புகை போலத் தெளிப்பதே நல்லது.

காலம் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. குளிர்ச்சியில் முளைத்து, குளிர்ச்சியில் வளர்ந்து, இளவெப்பத்தில் பூக்கும் செடி இது. மண்ணின் வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக முளைக்கும். கடும் பனி விழும் நாடுகளில் இலையுதிர்காலத்திலோ, பனி உருகும் தறுவாயிலோ விதைப்பார்கள். மிதமான குளிர் உள்ள இடங்களில் குளிர்பருவத் தொடக்கத்தில் விதைக்க வேண்டும். குளிரில் செடி தரையோடு தரையாக இலைகளை வட்டமாக விரித்து உட்கார்ந்திருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை போலத் தோன்றும் அந்த வாரங்களில்தான் பின்னால் வரப்போகும் பூக்களுக்கு வேண்டிய வலுவைச் சேர்க்கிறது. பகல் நீண்டு வெப்பம் ஏறியதும், எந்த அளவில் இருந்தாலும் தண்டு விட்டுவிடும். தாமதமாக விதைத்தவர்களுக்குச் சின்னஞ்சிறு செடியில் சின்னஞ்சிறு பூ கிடைப்பது இதனால்தான். அதற்குப் பின் எத்தனை உரம் கொட்டினாலும் பயனில்லை.

முளைத்த பிறகு எல்லோரும் தயங்கும் வேலை ஒன்று இருக்கிறது: கலைத்துவிடுவது. செடிக்குச் செடி ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். முளைத்ததெல்லாம் உயிர்தானே என்று நெருக்கமாக விட்டுவைத்தால் எல்லாமே நோஞ்சானாகிவிடும். பிடுங்கும்போது பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால் நான் பிடுங்குவதில்லை. சிறு கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் நறுக்கிவிடுகிறேன்.

மற்றவை எளியவை. நாள் முழுதும் வெயில் விழும் இடமும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து, தண்டு நீண்டு, பூவின் பாரம் தாங்காமல் மழையில் சாய்ந்துவிடும். ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் வரும். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் இலையின் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை படரும்.

பூக்கும் நாள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். மொட்டு தலை குனிந்தே வளரும். நீர் இல்லாமல் வாடிவிட்டதோ என்று பயந்து பலர் தண்ணீரைக் கொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது வாட்டம் அன்று. பூப்பதற்கு முன்பு காம்பு நிமிர்ந்து மொட்டு வானத்தைப் பார்க்கும். அதிகாலையில் அதை மூடியிருக்கும் இரண்டு பச்சைப் புல்லிகளும் அடியில் பிளந்து, தொப்பி கழல்வது போலக் கழன்று விழும். உள்ளே இதழ்கள் கசக்கித் திணித்த பட்டுத்துணி போல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சுருக்கம் நீங்கி விரியும். தேன் சுரக்காத பூ என்றாலும் மகரந்தத்துக்காகத் தேனீக்கள் வரும். மிக அடர்ந்த அடுக்குப் பூவில் அவற்றுக்குக் கிடைப்பது குறைவுதான். ஒரு பூவின் வாழ்வு இரண்டு நாள், மிஞ்சினால் நான்கு நாள். தொடர்ந்து பூ வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கலாம், குளிர் இருக்கும்வரை.

இதழ் உதிர்ந்த பின் நிற்கும் காய் கலசம் போல, தலையில் ஒரு வட்டத் தட்டுடன் இருக்கும். அதைப் பச்சையாக இருக்கும்போது கீறுவதோ பறிப்பதோ கூடாது. அதிலுள்ள பாலில்தான் மார்ஃபின் இருக்கிறது, சட்டமும் அங்கேதான் கண்டிப்பாக இருக்கிறது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இலையையோ காயையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய் செடியிலேயே பழுப்பாகி, அசைத்தால் கலகலவென்று ஒலிக்கும்போது, தட்டின் அடியில் சிறு துளைகள் திறந்திருக்கும். காற்றில் செடி ஆடும்போது அவற்றின் வழியே விதை தானே சிதறும். விதைக்கு வேண்டிய ஓரிரு நல்ல காய்களை மட்டும் ஒரு காகித உறையில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு, மற்றவற்றைத் துளை திறக்குமுன் நீக்கிவிடுவது நல்லது. இல்லையேல் அடுத்த ஆண்டு தோட்டத்தில் வேறு எதற்கும் இடமிருக்காது. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் செடி என்றாலும், தேனீயின் தயவால் கலப்பும் நடக்கும். ஒற்றை இதழ்ச் செடி ஏதேனும் தலைகாட்டினால், அடுக்கு வகை நிலைக்க வேண்டும் என்பவர்கள் அது மலர்ந்த அன்றே எடுத்துவிட வேண்டும். நான் எடுக்காமல் விட்டதன் பயனாக இப்போது என் பாத்தியில் பாதிக்கு மேல் நாலிதழ்ப் பூக்கள்தான்.

சட்டம் பற்றிய குறிப்பையும் நாற்றுவிடுவது பற்றிய திருத்தத்தையும், கட்டுரை வந்த அதே பகுதியில், விதைப்புக் காலம் தொடங்குமுன் வெளியிடுமாறு வேண்டுகிறேன். சட்டத் தடையில்லாத இடங்களில் இருந்து, கட்டுரையை நம்பி ஏற்கெனவே தட்டில் விதைத்துவிட்ட வாசகர்கள், நான்கு இலை விடும்வரை காத்திருக்காமல், வித்திலைகள் விரிந்த உடனேயே, குழியின் மண்ணைக் கட்டி குலையாமல் அப்படியே கரண்டியால் அள்ளிப் பாத்தியில் இறக்கிவிட்டால், அவற்றுள் சிலவற்றையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்