பர்கண்டி நகைச்சுவைக் கையேடு: திருத்தமும் பணமும் கோரி ஒரு புகார்

பெறுநர்:
வெளியீட்டு மேலாளர் அவர்கள்,
பயணக் கையேட்டுப் பிரிவு.

பொருள்: பிரான்சின் பர்கண்டி ஒயின் பகுதிக்கான தங்கள் தமிழ்க் கையேட்டின் பிழைகள் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பர்கண்டிக்கு வரும் தமிழர்களுக்கு வழிகாட்டுவது எங்கள் வேலை. அவர்கள் கையில் கொடுக்கலாம் என்றுதான் தங்கள் நகைச்சுவைக் கையேட்டில் பத்துப் பிரதிகள் வாங்கினோம். ஒன்றைக்கூடக் கொடுக்க முடியவில்லை.

போன் என்ற ஊரில் இறங்கி "போன் வந்துட்டேன்" என்று போனில் சொன்னால் வீட்டில் குழம்பிப்போவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது, அப்படி இன்னும் நாலு எழுதுங்கள். சிரிக்கவைத்ததற்காக யாரும் புகார் எழுத மாட்டார்கள். சிரிப்புக்காகத் தகவலை வளைத்த இடங்கள்தான் எங்கள் கவலை. அதை நம்பிப் போகிறவருக்குப் பணம் போகும், நாள் போகும், ஓரிடத்தில் லைசென்ஸே போகும்.

அந்த இடம், தோட்டக்காரர்களின் நிலவறைகளில் ஒயின் சுவைப்பது பற்றிய 23ஆம் பக்கம். "ஊற்றியதைத் துப்பினால் தோட்டக்காரர் முகம் வாடிவிடும், விழுங்கிவிட்டு அடுத்த நிலவறைக்கு வண்டியைக் கிளப்புங்கள்" என்கிறது. சுவைக்கும் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். ஒயின் செய்கிறவரே அதில்தான் துப்புவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை ஊற்றுவது 3 சென்டிலிட்டர்தான் என்று வைத்துக்கொண்டாலும், நிலவறைக்கு ஐந்து வகையாக இரண்டு நிலவறை பார்த்தால் 30 சென்டிலிட்டர். அதாவது ஒரு பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே. பிரான்சில் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே 135 யூரோ அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி இழப்பு. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு வரம்பு 0.2தான், ஒரே கிளாஸில் தாண்டிவிடலாம். ஓட்டுகிறவர் துப்ப வேண்டும், இல்லையென்றால் சுவைக்கவே கூடாது. டிஜோனிலிருந்து போனுக்கு ரயிலில் சுமார் இருபது நிமிடம். போனிலிருந்து சான்த்னே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது (சைக்கிளுக்கும் அதே 0.5 வரம்பு உண்டு). இரண்டைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து 41ஆம் பக்கம். ழெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்றாலும் ஷாம்பெர்த்தான் என்றாலும் ஒன்றுதான், பிரெஞ்சுக்காரர் பேரை நீட்டி முழக்குவார் என்று கிண்டல் செய்திருக்கிறீர்கள். முதலாவது ஊர், இரண்டாவது அந்த ஊரின் சரிவில் இருக்கும் தோட்டம். ஊருக்கு வெறும் ழெவ்ரே என்றுதான் பெயர். 1847இல் தன் பேர்பெற்ற தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களும் தங்கள் தங்கள் தோட்டப் பெயரை ஒட்டவைத்துக்கொண்டன. மோன்ராஷே தோட்டம் பியுலிஞி, ஷசாஞ் என்ற இரண்டு ஊர் எல்லையிலும் கிடக்கிறது. இரண்டு ஊருமே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன, இன்றுவரை விடவில்லை. இதைவிடச் சிரிப்பான சரக்கு உங்கள் எழுத்தாளருக்கு எங்கே கிடைக்கும்? உள்ளதை அப்படியே எழுதியிருந்தாலே போதும்.

வாங்குகிறவருக்கு வேண்டியது இவ்வளவுதான். லேபிளில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் ஊர் ஒயின். ஊர்ப்பெயரோடு "பிரமியே க்ரு" என்றும் இருந்தால் ஒரு படி மேல். தோட்டத்தின் பெயரும் பெரும்பாலும் கூடவே இருக்கும். கோத் தோர் மலைச்சரிவில் ஊர்ப்பெயரே இல்லாமல் தோட்டப் பெயரும் "கிரான் க்ரு" என்பதும் நின்றால் அதுதான் உச்சி. பெயரின் நடுவில் இருக்கும் சிறு இணைப்புக் கோட்டை (-) பார்த்து ஏமாறக் கூடாது: ஷார்ம்-ஷாம்பெர்த்தான் உச்சிப் படி, ழெவ்ரே-ஷாம்பெர்த்தான் ஊர்ப் படி. விலை பல மடங்கு வித்தியாசப்படும். நீங்கள் 44ஆம் பக்கத்தில் போட்டிருக்கும் 1855 தரப்பட்டியல் போர்தோ பகுதியுடையது. அது மாளிகைகளுக்குத் தரம் கொடுக்கிறது. பர்கண்டியில் தரம் நிலத்துக்கு.

குளோ த வூஜோ மாளிகையில் "உரிமையாளரிடமே நேராக வாங்குங்கள்" என்பதும் தவறு. அங்கே இப்போது ஒயின் செய்வதில்லை. சிஸ்டர்சியன் என்ற பழைய கிறிஸ்தவத் துறவிகளின் பிரம்மாண்டமான திராட்சைச் செக்குகளைப் பார்க்கலாம், அதற்காகவே போகலாம். மாளிகையைச் சூழ்ந்த தோட்டம் சுற்றுமதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர். பங்குதாரர்கள் ஏறக்குறைய 80 பேர். மதிலுக்குள் விளைந்தது முழுவதும் கிரான் க்ரு என்றே விற்கும். ஆனால் மேல்சரிவில் சுண்ணாம்புக்கல் மண், தண்ணீர் வடிந்துவிடும். கீழே சாலையோரம் களிமண், ஈரம் தங்கும். அதனால் லேபிளைப் பார்த்து மட்டும் வாங்காமல், இவருடைய வரிசைகள் மதிலுக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எங்களுக்கு மனம் நொந்தது ரொமானே-கொன்தி என்ற தோட்டத்தைப் பற்றிய பக்கத்தைப் படித்தபோதுதான். மதில் ஏறி ஒரு குலை பறித்து, "ஆயிரம் யூரோ திராட்சை" என்று படம் எடுக்கச் சொல்கிறீர்கள். அந்தத் தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர். உள்ளே வராதீர்கள், சாலையிலேயே நில்லுங்கள் என்று மதிலில் பலகை வைத்திருக்கிறார்கள். மண் இறுகிவிடக் கூடாது என்று குதிரை கட்டி உழுகிற நிலம் அது. உழவை அறிந்த மொழியில் இப்படி ஒரு யோசனை அச்சாகியிருக்கக் கூடாது.

நாள் குறிப்புகளும் ஆபத்தானவை. "நவம்பர் மூன்றாம் வாரம் ஊரே காலி, அறை மலிவு" என்கிறீர்கள். நவம்பர் மூன்றாவது ஞாயிறுதான் போன் தரும மருத்துவமனையின் ஒயின் ஏலம், 1859இலிருந்து நடந்துவருவது. அப்போது ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. சிறிய தோட்டக்காரர்களிடம் முன்பே நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை பலர் கதவைத் திறப்பதில்லை, ஞாயிறும் அப்படியே. ஷப்லி என்ற ஒயின் ஊரையும் அதே பிற்பகலில் சேர்த்திருப்பது நடக்காத காரியம். போனிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், போகமட்டும்.

கடைசியாக, "ஆறு பாட்டில் பெட்டியோடு சென்னையில் இறங்குங்கள்" என்ற வரி. இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள். 75 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. மூன்றாவது வரம்பைத் தாண்டும். விமான நிலையத்துக்கு வெளியே வாங்கியதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில்தான் போட வேண்டும். பாட்டிலுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதன் மேல் துணி, பெட்டியின் நடுவில், ஒன்றோடொன்று முட்டாமல்.

எனவே, பத்துப் பிரதிகளின் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் அனைவருக்கும் திருத்தத் தாள் போக வேண்டும். 23ஆம் பக்கம் மாற்றப்படும்வரை விற்பனையை நிறுத்த வேண்டும். புதிய பதிப்பின் படியை அனுப்பினால் ஊதியம் இல்லாமலே வரிக்கு வரி பார்த்துத் தருகிறோம். அறுவடை பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கிவிடும், கூட்டமும் அப்போது வரும். ஆகஸ்டுக்குள் திருத்தத் தாள் கடைகளில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கையேட்டை வாங்கிய வழிகாட்டிகள்

இணைப்பு: வாங்கிய ரசீது, பிழைகள் குறிக்கப்பட்ட ஒரு பிரதி.