அப்பாவுக்கு: நான் வேலையை விடவில்லை

அலெக்சாண்ட்ரியா, வர்ஜீனியா
16 அக்டோபர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமெரிக்கக் கூட்டரசு நிறுவனமான தேசிய அறிவியல் அறக்கட்டளையில் நான் சேர்ந்ததைக் கேட்டு, பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டேனோ என்று தாங்கள் தொலைபேசியில் கவலைப்பட்டதால் விரிவாக எழுதுகிறேன்.

தாங்கள் வருவாய்த் துறையிலிருந்து டெபுடேஷனில் சென்றீர்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் இது. 1970-இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, பேராசிரியர் ஒருவர் தம் பணியிடத்தை இழக்காமலேயே கூட்டரசு அலுவலகத்தில் முதலில் இரண்டு ஆண்டுகள் வரையிலும், நீட்டித்தால் மொத்தம் நான்கு ஆண்டுகள் வரையிலும் பணியாற்றலாம். சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்தே வருகிறது. அதில் பெரும்பகுதியை அறக்கட்டளை பல்கலைக்கழகத்துக்கு ஈடுசெய்கிறது. என் ஆய்வகமும் மூடப்படவில்லை. ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் அங்கு சென்று மாணவர்களுடன் ஆய்வைத் தொடர அனுமதி உண்டு.

இந்நிறுவனத்தின் இயக்குநர் சேதுராமன் பஞ்சநாதன் சென்னையில் பிறந்தவர், விவேகானந்தா கல்லூரியில் பயின்றவர் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவருடைய பதவிக்காலமும் ஆறாண்டுதான்.

நாடெங்கிலுமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 ஆய்வுத் திட்டங்கள் நிதி கேட்டு இங்கு வருகின்றன. வெளியிலுள்ள அறிஞர்கள் அவற்றைப் படித்து, அறிவுக்கு அவை சேர்ப்பது என்ன, சமுதாயத்துக்குப் பயன் என்ன என்ற இரு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள். அவர்கள் கூறுவது ஆலோசனைதான். எதற்கு நிதி வழங்கலாம் என்று பரிந்துரைப்பது என்னைப் போன்ற திட்ட அலுவலரின் பொறுப்பு. அதனால்தான் நிரந்தர அலுவலர்களோடு, ஆய்வகத்திலிருந்து நேரே வருபவர்களும் வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தச் சோதனை இன்று சாத்தியம், எது வெறும் ஆசை என்பது அத்துறையில் அன்றாடம் உழைப்பவருக்குத்தான் விரைவில் புலப்படும்.

அப்படி வருபவர் தம்மவர்க்குச் சாதகம் செய்யமாட்டாரா என்று கேட்டீர்கள். என் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பங்களையோ, அண்மையில் என்னுடன் ஆய்வு செய்தவர்களின் விண்ணப்பங்களையோ நான் கையாள முடியாது. அவை பற்றிப் பேசும்போது அறையிலிருந்தே வெளியேறிவிட வேண்டும். திரும்பிச் சென்ற பிறகும் ஓராண்டுக்கு, என் சொந்த விண்ணப்பம் குறித்து இந்த அலுவலகத்துடன் எனக்குப் பதிலாக வேறொருவர்தான் பேச வேண்டும். இக்கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

மனத்துக்குக் கடினமானது மறுப்புதான். ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கே நிதி கிடைப்பதால், மதிப்பீட்டாளர்கள் மனமாரப் பாராட்டிய திட்டங்களையும், சிறிய கல்லூரியில் முதன்முதலாக ஆய்வகம் அமைக்க முயலும் இளம் ஆசிரியரின் திட்டத்தையும்கூட ஒதுக்க நேரிடுகிறது. அவர்களுக்கு, எது குறைந்தது, எதை வலுப்படுத்தினால் அடுத்த முறை வாய்ப்புண்டு என்று இயன்றவரை தெளிவாக எழுதுகிறேன். திருத்தி மீண்டும் விண்ணப்பித்து நிதி பெறுபவர்கள் உண்டு என்பதால், என் நேரத்தில் பெரும்பகுதியை அந்தக் குறிப்புகளுக்கே கொடுக்கிறேன்.

அன்புடன்,
தங்கள் மகன்