டப்பாவின் இருமல்

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் பார்சல் வந்து நான்கு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான், நேரில் வந்து திட்டு. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் காட்பாடியிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது விஷயத்துக்கு வருகிறேன், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

1989 கோடையில் தோட்டப்பாளையம் மாடியில் நாம் பதிந்த கேசட்டைக் கணினியில் ஏற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர், "இரைச்சலை எல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டேன் சார்" என்று சந்தோஷமாகத் தந்தார். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில், பிஸ்கட் டப்பாவில் தாளம் போட்ட நம் டப்பா இருமுவானே, அதைக் காணோம். அதற்கும் மேலே ஒரு கொடுமை, அந்தச் சறுக்கல் போய்விட்டது. வோல்டேஜ் இறங்கி, உன் பெரிய கேசட் டெக் மெதுவாகி, சுருதி முனகிக்கொண்டே கீழே போனது நினைவிருக்கிறதா? பேட்டரியில் ஓடிய என் சின்ன ரெக்கார்டர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. நாம் இருவரும் கையை எடுத்துவிட்டோம். அவன் மட்டும் பிஸ்கட் டப்பாவில் தாளத்தை விடாமல், பாட்டு இறங்க இறங்கத் தானும் கூடவே இறங்கி, கரண்ட் திரும்பியதும் கூடவே ஏறி வந்தான். அந்த ஏழெட்டு வினாடியைக் கடைக்காரர் "சரி செய்து" நேராக்கிவிட்டார். நல்லவேளை, கேசட் பத்திரமாக என்னிடம் இருக்கிறது.

அந்தக் கோபத்தோடுதான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மூன்று நாள் போதும், எல்லாவற்றையும் புதிதாக வாசித்துவிடலாம், டப்பாவின் பங்கை சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். கூடவே சாட்சிக்கு பிரெஞ்சு மின்னிசைக்காரர் ழான் மிஷேல் ழார் 2007இல் மறுபடி பதிந்த 'ஆக்சிஜன்' குறுந்தகட்டையும் அனுப்பியிருக்கிறாய். வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவன் நீ.

கேட்டேன். ஒரு முறை அல்ல, இருபது முறையாவது கேட்டிருப்பேன். உன் துபாய் சித்தப்பா கொண்டு வந்த அதன் பழைய கேசட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டேன். புதியது அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய கேசட்டில் மூடுபனிக்குள் இருந்த ஒலிகளெல்லாம் இதில் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. ஆனால் அவர் என்ன செய்தார் என்று பார். 1976இல் பாரிஸில் தன் வீட்டிலேயே, எட்டுத் தட நாடாக் கருவியில் செய்த இசை அது. அலையலையாக வருமே, அந்தப் பின்னணி, அது எமினென்ட் என்ற வீட்டு ஆர்கனை ஒரு சின்ன ஃபேசர் பெட்டி வழியாக விட்டதில் கிடைத்தது. கோர்க் தாளப்பெட்டியில் இரண்டு தாளம் சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காகப் பொத்தான்களை ஒட்டுநாடா போட்டு அழுத்தி வைத்தாராம். முப்பது வருடம் கழித்து மறுபடி பதிந்தபோதும் அந்தப் பழைய கருவிகளைத்தான் தேடிப் போனார். எதையும் சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று அவர் விடவில்லை மச்சான்.

ஜெர்மன் மின்னிசைக் குழு டேஞ்சரின் ட்ரீமின் 'ஃபீட்ரா'வை எடுத்துக்கொள். 1973 கடைசியில் இங்கிலாந்தில் மேனர் ஸ்டூடியோவில் பதிந்தார்கள். மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி சூடேற ஏறச் சுருதி நகர்ந்தது, அந்த நகர்வு அப்படியே இசைத்தட்டில் வந்துவிட்டது. 2005இல் அந்தக் குழுவின் தலைவர் எட்கர் ஃப்ரோஸ் அதை மறுபடி செய்தார். என் காது என்னவோ பழையதற்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறது. கருவி தடுமாறும்போது மனிதன் என்ன செய்கிறான் என்பது அதில் கேட்கிறது. வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு அது புரியாதா?

எனக்கு ஆறாதது இன்னொன்று. அதே மேனரில் 'டியூபுலர் பெல்ஸ்' இசைத்தட்டைப் பதிந்தபோது மைக் ஓல்ட்ஃபீல்டுக்குப் பத்தொன்பது வயது. முழு மின்னிசை இல்லைதான், சண்டைக்கு வராதே. அதில் வாத்தியங்களின் பெயரை ஒவ்வொன்றாக அறிவிக்கும் குரல் விவியன் ஸ்டான்ஷாலுடையது. அவர் 1995இல் இறந்துபோனார். 2003இல் மறுபடி பதிந்தபோது நடிகர் ஜான் கிளீஸ் அந்த இடத்தில் பேசினார். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் இறந்தவரைத்தான் தேடுகிறேன்.

டப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே பிஸ்கட் டப்பா சமையலறைப் பரணில் இருக்கிறது. தங்கச்சி அதில் சுண்டைக்காய் வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். மூடியில் அவன் மோதிர விரல் பட்ட இடத்தில் பெயின்ட் போய்த் தகரம் வெள்ளையாகத் தெரிகிறது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

வாசிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரல் எனக்கும் துறுதுறுக்கிறது. க்ராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழு 1991இல் தங்கள் பழைய பாடல்களைப் புதிதாகக் கட்டியபோது 'தி மிக்ஸ்' என்று வேறு பெயர் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. நாமும் வேறு பெயர் வைத்து வாசிப்போம். டப்பா அடித்த இடங்களில் தாளமே வேண்டாம், சும்மா விட்டுவிடுவோம். பழைய கேசட்டை இரைச்சலோடும் இருமலோடும் அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தங்கச்சியிடம் கொடுக்க வேண்டும். அந்த வேலையை வேறு யாரிடமும் விட மாட்டேன்.

அதற்கு உன் டெக் ஓட வேண்டும். என் வீட்டில்தான் கிடக்கிறது, பெல்ட் உருகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. லாங் பஜார் முழுக்க அலைந்துவிட்டேன், அந்த அளவு கிடைக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கு வருவாய் அல்லவா, வரும்போது சென்னை ரிச்சி தெருவில் விசாரித்து வாங்கி வா. பழைய பெல்ட்டின் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். கையில் ஒட்டும், பார்த்துப் பிரி.

உன்,
தோட்டப்பாளையத்தான்